எந்தச் செப்டம்பர் 11?

(ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் ஊர். நினைவுப் பொருள் கடை.)

வந்தவர்: கோப்பையில் "செப்டம்பர் 11" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆண்டைக் காணோமே, அம்மா?

கடைக்காரம்மா: எந்த ஆண்டைப் போட்டாலும் ஒருவர் சண்டைக்கு வருகிறார், ஐயா. விட்டுவிட்டோம்.

வந்தவர்: 1297! ஸ்டர்லிங் பாலத்தில் நம் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயரை ஓட ஓட விரட்டிய நாள். சரியாக 700 ஆண்டு கழித்து, 1997-இல், ஸ்காட்லாந்துக்கென்று நாடாளுமன்றம் வேண்டும் என்று 74.3 விழுக்காட்டினர் வாக்களித்ததும் அதே நாள்! உடம்பு சிலிர்க்கவில்லை?

கடைக்காரம்மா: கதவைத் திறந்துபோட்டுவிட்டு நிற்கிறீர்கள். சிலிர்க்கத்தான் செய்கிறது.

வந்தவர்: வாலஸ் தனி ஆளாக...

கடைக்காரம்மா: கூடவே ஆண்ட்ரூ மரே இருந்தார்.

வந்தவர்: டென்னிஸ் வீரரா?

கடைக்காரம்மா: அவர் பக்கத்து டன்பிளேன்காரர். நான் சொல்பவர் 700 ஆண்டு மூத்தவர். அவரைக் கோப்பையில் போட்டால், "மட்டை எங்கே?" என்று கேட்கிறார்கள்.

வந்தவர்: போகட்டும். வாலஸ் நின்ற அதே கல்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரம்மா: அது பிற்காலத்தில் கட்டியது. அன்று இருந்தது மரப்பாலம். இரண்டு குதிரைகள் ஒட்டி ஒட்டிப் போகலாம், அவ்வளவுதான். விடியற்காலையில் ஆங்கிலப் படையில் ஒரு பகுதி அக்கரைக்கே போய்விட்டது. தளபதி சர்ரே பிரபு இன்னும் தூங்குகிறார் என்று திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்து வந்தபிறகு மறுபடியும் முதலிலிருந்து.

வந்தவர்: பாலம் மாறலாம். நாள் அதே நாள்!

கடைக்காரம்மா: நாளும் மாறிவிட்டது. 1752-இல் நாள்காட்டியைத் திருத்தினார்கள். செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. அந்த ஆண்டில் 11-ஆம் தேதியே கிடையாது. வாலஸ் காலத்தில் பிசகு ஏழு நாள்தான். இன்றைய கணக்குப்படி பார்த்தால் அவர் சண்டை போட்டது 18-ஆம் தேதி.

வந்தவர்: 18-ஆ! அன்றைக்கும் ஏதாவது நடந்திருக்குமே?

கடைக்காரம்மா: நடந்தது. 2014-இல் தனிநாடு வேண்டுமா என்று கேட்டார்கள். 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள்.

வந்தவர்: ...பழைய கணக்கே இருக்கட்டும்.

கடைக்காரம்மா: இருக்கட்டும். 1997-இல் நீங்கள் என்னவென்று வாக்களித்தீர்கள்?

வந்தவர்: அன்றைக்கா? முந்தின நாள் இரவு வேலை. கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் சாவடியை மூடியிருந்தார்கள்.

கடைக்காரம்மா: நூற்றுக்கு நாற்பது பேர் அன்று சாவடிப் பக்கமே வரவில்லை. சர்ரே பிரபுவாவது எழுந்து பாலம் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

வந்தவர்: (கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) இருந்தாலும், அதே நாள்தானே அம்மா?

கடைக்காரம்மா: காகிதத்தில் சுற்றித் தருகிறேன். போகும்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.