டப்ளின் கோட்டை "ஏமாற்று" என்பவர்களுக்கு

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் உள்ள கோட்டையைப் பற்றிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் டப்ளின் கோட்டையின் மேல்முற்றத்தில் நின்றுகொண்டு "இது கோட்டையே இல்லை, செங்கல் ஆபீஸ், டிக்கெட் காசு தண்டம்" என்கிறார். கமெண்டில் அத்தனை பேரும் ஆமாம் போடுகிறார்கள். மனசு கேட்கவில்லை.

அது கோட்டைதான். 1204-ல் இங்கிலாந்து அரசன் ஜான் கட்டச் சொன்னது. நான்கு மூலையிலும் வட்டக் கோபுரம், பாடில் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்ட அகழி. 1684-ல் தீப்பிடித்தது. வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ பரவக் கூடாதென்று இடையில் இருந்த கட்டடங்களை வெடிவைத்தே தகர்த்தார்கள். அதன் பிறகு எழுந்ததுதான் அந்தச் செங்கல் வரிசை. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டிக் குடியிருந்தால் அது போலி வீடா?

"அப்போ பழசு எங்கே?" என்பீர்கள். அந்த நான்கு கோபுரங்களில் ஒன்றான ரெக்கார்ட் டவர் நிற்கிறதே, 13-ம் நூற்றாண்டுச் சுவர்! உச்சியில் பல்வரிசைபோல உள்ள கைப்பிடிச்சுவர்தான் 19-ம் நூற்றாண்டில் வைத்தது. பக்கத்துச் சேப்பல் (சிறு தேவாலயம்) 1814-ல் திறந்தது. உள்ளே கல்போலத் தெரியும் தூண்களெல்லாம் மரம், மேலே சாந்துப் பூச்சு. ஆற்றோரத்து இளகின மண், கல்லின் பாரம் தாங்காது. வடகிழக்கு மூலையில் தரைக்கடியில் இன்னொரு பழைய கோபுரமான பவுடர் டவரின் அடிப்பாகம். அதற்கும் கீழே வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகள் காவலுக்குப் போட்ட மண்கரை. கைடட் டூர் என்று கேட்டு டிக்கெட் வாங்கினால்தான் அங்கே இறங்க முடியும். சும்மா சுற்றுகிற டிக்கெட்டில் அது கிடையாது. இதைக்கூட விசாரிக்காமல் எப்படி ஏமாற்று என்பது?

"பன்ராட்டி மாதிரி இருந்தால்தானே கோட்டை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பன்ராட்டி அயர்லாந்தின் மேற்கே உள்ள 15-ம் நூற்றாண்டுக் கோபுர வீடு, எனக்கும் பிடிக்கும். ஆனால் கூரை போய்க் கிடந்ததை 1950-களில் சீர்செய்து 1960-ல் திறந்தார்கள். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. விடாமல் புழங்கிய இடம் மாறத்தான் செய்யும். டப்ளினில் அந்த மாற்றம்தான் வரலாறே.

கருத்துச் சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எழுநூறு வருஷம் ஆங்கிலேயர் அயர்லாந்தை ஆண்டது அந்த முற்றத்திலிருந்து. வாசல்மேல் நீதிதேவதை ஊருக்கு முதுகு காட்டி நிற்கிறாள். 1916-ல் ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் காயம்பட்ட தலைவர் ஜேம்ஸ் கானலியை அங்கே ஓர் அறையில் வைத்திருந்து, பிறகு கில்மெய்ன்ஹாம் சிறையில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். 1922 ஜனவரி 16-ல் அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கையில் கோட்டை வந்தது. கானலி கிடந்த அறை இன்றும் கோட்டையின் அரண்மனை அறைகளான ஸ்டேட் அபார்ட்மென்ட்ஸில்தான் இருக்கிறது. கேலிக்கு வேறு இடம் பாருங்கள்.