கழுதைய விட்டுடுங்கய்யா!

காலையில பல்லு கூட விளக்கல, குடும்ப குரூப்ல பெரியப்பா போட்டுட்டார்: "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது தவறு. 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதே சரி. கழு என்றால் ஒரு வகைக் கோரைப்புல். அதில் தைத்த பாயில் படுத்தால் கற்பூரம் மணக்கும். பகிரவும்." அடியில பதினோரு கும்பிடு.

முடியலைங்க. எங்க பாட்டி இதையே "கழுதைக்குத் தெரியுமா கந்தப்பொடி வாசனை"ன்னுதான் சொல்லும். அப்போ அந்தப் பாயில கந்தப்பொடியும் மணக்குமா? பழமொழி நானூறுல "நாய் பெற்ற தெங்கம்பழம்"னு ஒண்ணு இருக்கு. தானும் திங்காது, அடுத்தவனையும் திங்க விடாது. கஞ்சனை அவ்வளவு அழகா வஞ்சிருக்காங்க. அந்த நாயும் சீக்கிரம் ஏதாவது மூலிகையா மாறிடும்னு பயமா இருக்கு. "யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்"ல வர்ற யானையையும் பூனையையும்தான் ஏற்கெனவே ஆநெய், பூநெய்னு உருக்கி ஊத்தியாச்சே!

மண் குதிரைய நம்பி ஆத்துல இறங்கக் கூடாதுன்னா, அது குதிரையே இல்லையாம், மண் குதிராம். ஆத்துக்குள்ள இருக்கிற மணல் திட்டாம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. புரவி எடுப்புத் திருவிழாவுக்குச் செஞ்ச மண் குதிரைங்க வரிசையா நிக்கும். சூளையில சுட்டதே நாலு மழைக்காலம் பார்த்தா காது போய், மூக்கு போய் பரிதாபமா இருக்கும். அது மேல ஒருத்தன் ஏறி உக்காந்து ஆத்துல இறங்குறான்னு நினைச்சாலே சிரிப்பு வரல? சிரிக்கத்தானய்யா சொன்னான்!

ஒண்ணு ரெண்டு நிஜமாவே மருவியிருக்கலாம், மறுக்கல. அதுக்காக நக்கல் அடிச்ச அத்தனை பேரையும் பிடிச்சு சித்த வைத்தியர் ஆக்கணுமா?

போன மாசம் ஒரு கல்யாணத்துல பந்தியில பெரியப்பா பக்கத்துல உக்காந்தேன். நாற்காலிக்குப் பின்னாடி அடுத்த பந்திக்கு ஆள் வந்து நிக்குது. இவர் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னா என்னன்னு நினைச்சே? வலது கை! சாப்பிட முன்னால போகும், அம்பை இழுக்கப் பின்னால போகும்"னு செஞ்சே காட்டுறார். வடை வாளி என்னைத் தாண்டிப் போச்சு. அப்பளமும் போச்சு. பாயசம் வந்தப்போதான் கையை விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் இலையில ரெண்டு வடை.