அங்கிள் பென் ஏன் சாக வேண்டும்?

2023இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ பற்றிப் பேச்சு வந்தாலே அதன் ஓவிய அழகைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் படம் எழுப்பும் கேள்வி அந்த அழகைவிடப் பெரியது. தடுக்கும் சக்தி உள்ளவர் ஏன் தீமையைத் தடுக்காமல் இருக்கிறார் என்று மனிதர்கள் காலங்காலமாகக் கடவுளிடம் கேட்டு வரும் கேள்வி அது. (கதையைச் சொல்லித்தான் பேச முடியும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

அனிமேஷன் சூப்பர்ஹீரோ படங்களில் தீமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ சின்ட்ரோம், தான் கொண்டாடிய ஹீரோவால் விரட்டப்பட்ட சிறுவன். ‘பிக் ஹீரோ 6’ பேராசிரியர் காலகன், ஒரு சோதனையில் மகளைப் பறிகொடுத்தவர். ஸ்பைடர்வெர்ஸ் முதல் பாகத்தின் கிங்பின், இறந்துபோன மனைவியையும் மகனையும் வேறோர் உலகத்திலிருந்து கொண்டுவரத்தான் நியூயார்க்கையே பணயம் வைக்கிறான். மூவரையும் புரிந்துகொள்ள முடிகிறது. குழந்தைகள் பார்க்கும் படத்தில் வில்லனுக்கும் ஒரு துக்கம் உண்டு என்று காட்டுவது நல்லதும்கூட. ஆனால் காயம்பட்டவன் ஏன் கெட்டுப்போனான் என்பதோடு இந்தப் படங்கள் நின்றுவிடுகின்றன. அந்தக் காயம் ஏன் நேர்ந்தது, நேரத்தான் வேண்டுமா என்ற இடத்துக்குப் போவதில்லை.

‘அக்ராஸ்’ அங்கே போகிறது. போவதற்கு அது வில்லனைக்கூடப் பெரிதாக நம்பவில்லை. மிகேல் ஓஹாராவை நம்புகிறது. மிகேலும் ஒரு ஸ்பைடர்மேன்தான். எண்ணற்ற உலகங்களின் ஸ்பைடர்மேன்களைத் திரட்டி வைத்திருப்பவன். அவன் படத்தின் நாயகனான பதின்வயது ஸ்பைடர்மேன் மைல்ஸிடம் சொல்வது இதுதான்: ஒவ்வொரு ஸ்பைடர்மேன் வாழ்க்கையிலும் சில துயரங்கள் நடந்தே தீர வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ யாரோ ஒரு நெருங்கியவர் சாக வேண்டும். ஒரு போலீஸ் கேப்டன், இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்ச் சாக வேண்டும். அவற்றுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ‘கேனன் ஈவென்ட்’. தடுத்தால் அந்த உலகமே அழிந்துவிடும். மைல்ஸின் அப்பா ஜெஃபர்சன் விரைவில் கேப்டன் ஆகப்போகிறவர்.

ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710இல் எழுதிய நூலில் ஏறக்குறைய இதே வாதம் உண்டு. இருந்திருக்கக்கூடிய எல்லா உலகங்களையும் பார்த்து, அவற்றில் சிறந்ததையே கடவுள் படைத்தார். இதிலுள்ள தீமையை மட்டும் தனியே பிடுங்கி எறிந்தால் அது இந்த உலகமாக இருக்காது என்றார் அவர். லைப்னிட்ஸ் மனத்தில் கண்ட உலகங்களையெல்லாம் மிகேல் திரையில் விரித்துக் காட்டுகிறான். ஒன்றிலாவது, முதல் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரை வளர்த்த அங்கிள் பென் கிழவராகி, தூக்கத்தில் நிம்மதியாகச் செத்திருக்க மாட்டாரா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பென் 1962இலிருந்து செத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய ஸ்பைடர்மேன் காமிக்ஸின் முதல் கதையிலேயே அவரைக் கொன்றாகிவிட்டது. 1970இல் அதே காமிக்ஸில் பீட்டரின் காதலி க்வெனின் அப்பா, போலீஸ் கேப்டன் ஸ்டேசி, இடிபாட்டில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். அவர்கள் செத்ததால்தான் பீட்டர் பொறுப்புள்ளவன் ஆனான் என்று இத்தனை வருடமாக நாமும் தலையாட்டி வந்திருக்கிறோம். துன்பம் மனிதனைச் செதுக்குகிறது என்பார்கள். சரி, செதுக்கட்டும். ஆனால் பென் யாருடைய உளி? அவருக்கென்று ஒரு வாழ்க்கை, மே என்றொரு மனைவி, நாளைக்குச் செய்ய நினைத்திருந்த வேலைகள் எல்லாம் இருந்தன. இன்னொருவன் நல்லவனாக வளர்வதற்காக உன் உயிர் போகட்டுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் போய், எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் கோபமும் இதுதான். அந்தக் காரணத்தால் கிடைக்கும் பலன் இருப்பவர்களுக்கு. விலை கொடுத்தவர் போய்விட்டார்.

மிகேல் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறோர் உலகத்தில் இறந்துபோன தன்னைப் போன்ற ஒருவனின் இடத்தில் போய் வாழ்ந்து, கபிரியேலா என்ற மகளுக்கு அப்பாவாக இருந்து, அந்த உலகமே கண்முன் கலைந்துபோனதைப் பார்த்தவன் அவன். ஒரு உயிரா, ஒரு உலகமா என்று அவன் கேட்பது வெறும் பேச்சு இல்லை. ஆனால் தன் துக்கத்துக்கு ஒரு விதி கண்டுபிடித்து, அதை எல்லோர் தலையிலும் எழுதுகிறான். மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த மும்பட்டன் என்ற நகரத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றியதும் தரையில் ஓட்டை விழுகிறது. அவர் பிழைத்ததால் விழுந்ததா, சற்றுமுன் படத்தின் வில்லன் ஸ்பாட் அங்கே செய்த நாசத்தால் விழுந்ததா? படம் அதை அடித்துச் சொல்வதில்லை. மிகேலுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. என்னை அதிகம் பயமுறுத்தியது மற்றவர்கள்தான். அத்தனை ஸ்பைடர்மேன்களும் நல்லவர்கள், ஆளுக்கொரு சாவைச் சுமப்பவர்கள். அந்த நல்லவர்களே, அப்பாவைக் காப்பாற்ற ஓடும் ஒரு பையனைத் துரத்துகிறார்கள். தங்கள் இழப்புக்கு அர்த்தம் இருந்தாக வேண்டும் என்பதற்காக அவனும் இழக்க வேண்டும்.

புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார். படைத்தவனுக்காக வக்காலத்து வாங்கவில்லை. உலகம் கொடியதுதான், இதன் இயல்பை அறிந்தவர்கள் இனியதைத் தேடிக் காணுங்கள் என்று முடிக்கிறார். மைல்ஸ் இன்னும் ஒரு படி போகிறான். கொடியது என்று ஒத்துக்கொண்ட கையோடு, என் கண்முன் நடக்க விடமாட்டேன் என்று ஓடுகிறான். அதற்கு அவனிடம் தத்துவம் எதுவும் இல்லை. ஓர் அப்பா இருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

படத்தின் கடைசிப் பகுதியில், மைல்ஸின் தோழியும் இன்னோர் உலகத்தின் ஸ்பைடர் பெண்ணுமான க்வென் தன் அப்பாவிடம் திரும்புகிறாள். அவள் உலகத்தின் கேப்டன் ஜார்ஜ் ஸ்டேசியான அவர் போலீஸ் வேலையையே விட்டுவிட்டார். கேப்டன் இல்லையென்றால் கேப்டனின் சாவும் இல்லை. மிகேலின் அத்தனை திரைகளுக்கும் தெரியாத ஒரு வழியை, மகள்மேல் உள்ள பாசத்தில் ஒரு மனிதர் திறந்துவிட்டார். முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சியின் கனம் எனக்குப் பிடிபடவே இல்லை, அவ்வளவு சாதாரணமாக அது வந்துபோகிறது.

இதை எழுதிய அதே கைகள்தான் மூன்றாம் பாகத்தையும் முடிக்க வேண்டும். மைல்ஸ் தோற்கலாம், பெரிய விலையும் கொடுக்கலாம், அதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஜெஃபர்சனைக் கொன்றுவிட்டு, அப்பாவின் சாவுதான் தன்னை ஆளாக்கியது என்று மைல்ஸ் வாயால் சொல்ல வைக்கும் முடிவை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.