பேரோலா, சொந்தத் தொழிலா? ‘கன்சல்டன்ட்’ என்று நீட்டும் காகிதத்தில் மட்டும் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

ஐடி துறையில் ஏஜென்சி பேரோலில் (ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு கிளையண்ட் நிறுவனத்துக்கு வேலை செய்வது) சேர்வதும் தனியாகத் தொழில் செய்வதும் இரண்டுமே நேர்மையான வழிகள்தான். எனக்குக் கோபம் வருவது மூன்றாவது ஒன்றைப் பார்த்து. காலை ஒன்பதரைக்கு லாகின் செய்ய வேண்டும், லீவுக்கு கிளையண்ட் மேனேஜரிடம் கேட்க வேண்டும், வெளியே வேறு வேலை எடுக்கக் கூடாது. ஆனால் ஆஃபர் லெட்டரில் மட்டும் ‘கன்சல்டன்ட்’. பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது, லீவு எடுத்த நாளுக்குப் பணம் கிடையாது. “10 சதவீத டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) மட்டும்தான் சார், மீதி முழுசா கைக்கு வரும்” என்று ஹெச்ஆர் சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கும். தொழிலாளியின் கட்டுப்பாடுகள் அத்தனையும் உங்களுக்கு, முதலாளியின் பொறுப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள்.

எதில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லையா? வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்த விவரத்தைத் திறந்து பாருங்கள். சம்பளம் என்ற தலைப்பில் பிடித்திருந்தால் நீங்கள் ஊழியர். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் போயிருந்தால், ஐடி கார்டில் என்ன எழுதியிருந்தாலும் வரிக் கணக்கில் நீங்கள் ஊழியர் இல்லை.

இப்போது பணக் கணக்கு. கிளையண்ட் ஏஜென்சிக்கு மாதம் 1,00,000 ரூபாய் கொடுக்கிறது, ஏஜென்சி உங்களுக்கு 80,000 சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) தருகிறது என்று வைத்துக்கொள்வோம். “நடுவில் 20,000 அடிக்கிறான், நானே நேரடியாக அந்த ஒரு லட்சத்துக்குப் போகிறேன்” என்று பலர் கிளம்புகிறார்கள். பேரோலில் ஆண்டுக்கு 9,60,000. தனியாளாக இருந்தால் ப்ராஜெக்ட்டுக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் நடுவில் இடைவெளி வரும், உடம்புக்கு முடியாத நாள் வரும், பொங்கலும் தீபாவளியும் வரும். ஆண்டில் 10 மாதம் பில் போட முடிந்தால் நல்ல ஆண்டு. 9,60,000-ஐப் பத்தால் வகுத்தால் 96,000. இதற்கு மேல் குடும்ப மருத்துவக் காப்பீடு 25,000, மூன்று வருடம் ஓடும் லேப்டாப்புக்கு ஆண்டுக்கு 25,000, ஆடிட்டருக்கு 10,000, இணையம் மென்பொருளுக்கு 15,000 என்று எடுத்தால் மொத்தம் 75,000. அந்தப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு இன்னும் 7,500. ஆக 1,03,500 வாங்கினால்தான் அந்த 80,000-க்குச் சமம். பணம் தாமதமாக வருவதையும் சேர்த்து 1,10,000-க்குக் கீழே பேசாதீர்கள். பேரோலில் கேட்கும் தொகையைப்போல் 1.35 முதல் 1.4 மடங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வரியில் தனியாளுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. 44ஏடிஏ என்று நமக்குப் பழகிய ஏற்பாட்டில், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆண்டு வரவு 50 லட்சம் வரை. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. முன்கூட்டி வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். ஆனால் ஒரு லட்சம் பில்லில் மாதாமாதம் டிடிஎஸ்ஸாகப் பிடிக்கும் 10,000-இல் உங்கள் வரிக்கு மேல் உள்ளது, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை கைக்கு வராது. அந்தத் தொகை இல்லாமலே வீடு நடக்குமா என்று பாருங்கள்.

தனியாளைக் கவிழ்ப்பது வரி இல்லை, வராத பணம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே உத்யம் பதிவை (சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) முடித்துவிடுங்கள். ஆதாரும் பேன் எண்ணும் போதும், கட்டணமே இல்லை. “செய்து தருகிறேன்” என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைவிட வேலை செய்வது 2024 ஏப்ரல் முதல் வந்த வரி விதி: கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் நிறுவனம் செலவாகக் காட்ட முடியும். இன்வாய்ஸின் தலையிலேயே உத்யம் எண்ணைப் போட்டு பிப்ரவரியில் ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்புங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவு எழுந்து உட்காரும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரே எச்சரிக்கை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிந்துவிட்டால், மாதாந்திரக் கணக்கில் இன்வாய்ஸ் போட்ட மாதத்தின் வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கிளையண்ட் 90 நாள் கழித்துத் தந்தாலும், ஒரு லட்சம் பில்லுக்கு 18 சதவீதமான அந்த 18,000 முதலில் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

சரி, ஏஜென்சி. எல்லா ஏஜென்சியும் சுரண்டல் என்று சொல்வது அநியாயம். பெரிய நிறுவனங்கள் பல தனியாளை வெண்டராகச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அந்தக் கதவைத் திறப்பதற்குத்தான் மார்ஜின். நல்ல பேரோலில் பிஎஃப் இருக்கும். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கே பிடித்தாலும் உங்கள் பங்கு 1,800, அவர்கள் பங்கு 1,800. அதோடு சேர்ந்து வரும் காப்பீட்டைப் பலர் கவனிப்பதில்லை: பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். கன்சல்டன்ட்டுக்கு அது கிடையாது. குழுக் காப்பீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும். தனியாக எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரலாம்.

சேர்ந்த பிறகும் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குப் பின் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பே ஸ்லிப்பில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறாவிட்டால் உடனே மெயில் போடுங்கள், கிளையண்ட் ஹெச்ஆரையும் சேர்த்து. ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவர்களின் பிஎஃப்புக்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு. கிராஜுவிட்டி என்று சிடிசியில் மாதாமாதம் கழிப்பதையும் கேள்வி கேளுங்கள். பேசிக் 40,000 என்றால் அது ஆண்டுக்குச் சுமார் 23,000. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. 11 மாத ஒப்பந்தம் நீட்டினால் காரணம் புரிகிறதா? 12 மாதமாகப் போடச் சொல்லுங்கள். ஒரிஜினல் சான்றிதழ் கேட்டாலோ டெபாசிட் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

“வேலை முடிந்து ஒரு வருடம் அதே கிளையண்டிடம் சேரக் கூடாது” என்ற வரி பெரும்பாலும் இருக்கும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவால், வேலை முடிந்த பின்னும் நீளும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் கிளையண்டுக்கும் ஏஜென்சிக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் இருக்கும், உங்களை எடுத்தால் கட்டணம் தர வேண்டும் என்று. கன்வெர்ஷன், அதாவது கிளையண்டின் நேரடி ஊழியராக மாறுவது, நின்றுபோவது பல நேரம் அதனால்தான். எத்தனை மாதம் கழித்துக் கட்டணமில்லாமல் மாறலாம் என்று சேரும்போதே மெயிலில் கேட்டு வாங்குங்கள்.

என் கருத்து இது. கையில் ஆறு மாதச் செலவுப் பணமும், நேரடியாகக் கூப்பிடும் கிளையண்ட் இரண்டு பேரும் இல்லாதவர்கள் பேரோலில் இருங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்களும் அப்படியே. பே ஸ்லிப் காட்டினால் முடிவது, தனியாளுக்கு இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்டு இழுக்கும்.

ஏற்கனவே கன்சல்டன்ட் காகிதத்தில் இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது மூன்று மாற்றம் கேளுங்கள். தொகை 30 சதவீதமாவது கூட வேண்டும். வேறு வேலை எடுக்கும் தடையை நீக்க வேண்டும். “கிளையண்ட் கொடுத்த பிறகே உங்களுக்குக் கொடுப்போம்” என்ற வரியை அடித்துவிட்டு “இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள்” என்று எழுத வேண்டும். மூன்றுக்கும் மறுத்தால் பேரோலுக்கு மாற்றச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டு, அன்றைக்கே வேறு இடத்தில் ரெஸ்யூமே போட ஆரம்பியுங்கள்.