அந்தப் பதக்கங்களை அழித்துவிடாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சோவியத் சிப்பாய்களின் பழைய படங்கள் இப்போது முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். நெஞ்சில் ஒன்றோ இரண்டோ பதக்கம். ஆனால் பாதிப் படங்கள் ஏஐ செயலிக்குள் போய், வண்ணம் பூசி, முகம் வழவழவென்று ஆகித்தான் வருகின்றன. மேலே "பெயர் தெரியாத வீரர்" என்று ஒரு வரி. பெயரை நெருங்க உதவக்கூடிய தடயத்தை அழித்துவிட்டுப் பெயர் தெரியவில்லை என்று எழுதுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

தடயம் என்று நான் சொல்வது பதக்கங்களைத்தான்.

"தீரத்துக்காக" என்ற பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் ஏற்படுத்தப்பட்டது. வட்ட வெள்ளித் தகட்டில் மேலே மூன்று விமானங்கள், நடுவில் எழுத்து, அதற்குக் கீழே ஒரு டாங்கி. போர் ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. அப்படியும் காலாட்படைச் சிப்பாய்கள் அதைப் பெரிதாக மதித்தார்கள், ஏனென்றால் களத்தில் தானே காட்டிய துணிச்சலுக்காகக் கிடைப்பது அது. நான் பார்த்த ஒரு "மெருகேற்றிய" படத்தில் அந்த எழுத்துகள் புழு நெளிவது மாதிரி இருந்தன. டாங்கி இருந்த இடத்தில் ஒரு கறை. பக்கத்தில் இருந்த செந்நட்சத்திர விருதுக்கு ஆறு முனை முளைத்திருந்தது.

பதக்கம் எப்படித் தொங்குகிறது என்பதிலேயே காலம் தெரியும். 1943 ஜூனுக்கு முன்பு சின்னச் செவ்வக வில்லையில் (சட்டையில் மாட்டும் தகடு), சிவப்பு நாடாவில் தொங்கும். அதற்குப் பிறகு ஐங்கோண வில்லை வந்தது. "தீரத்துக்காக" பதக்கத்துக்குச் சாம்பல் நிற நாடா, இரண்டு ஓரத்திலும் நீலக்கோடு. தோள்பட்டைச் சின்னங்கள் திரும்ப வந்தது அதே ஆண்டு ஜனவரியில். தோளில் சின்னம் இருந்து, பதக்கம் இன்னும் செவ்வக வில்லையில் இருந்தால், அநேகமாக அது 1943-இன் முதல் பாதியில் எடுத்த படம். செயலிக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு எல்லா நாடாவுக்கும் ஒரே சிவப்பைப் பூசிவிடும்.

1943 நவம்பரில் வந்த புகழ் விருது இன்னும் நிறையச் சொல்லும். அது பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் உரியது. மூன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத்தான் மேலே போக வேண்டும். குறிபார்த்துச் சுடும் ரோசா ஷானினா 1944-இல் மூன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பெற்றார். 1945 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு இருபது வயதுதான். முதல் வகுப்புக்கு அவர் போகவே இல்லை. புகழ் விருது நட்சத்திர வடிவில் இருக்கும்; அவருடைய படத்தில் அப்படி ஒரு நட்சத்திரம் இருக்கிறதா, இரண்டா என்பதை வைத்தே அது எப்போது எடுத்தது என்று ஓரளவு சொல்லலாம். அதைப் போய் மழுப்பலாமா?

வண்ணம் ஏற்றினால் இன்றைய பிள்ளைகளுக்கு நெருக்கமாகத் தெரியும் என்கிறார்கள். சரி, ஏற்றுங்கள். கூடவே மூலப் படத்தையும் போடுங்கள். முகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தொப்பி மறைத்த நெற்றி வெளுப்பாகவும் கீழே முகம் கறுத்தும் இருக்கும் அந்தக் கோடு, வெடித்த உதடு, கழுத்துக்குப் பெரிதாகிப்போன காலர்... இதையெல்லாம் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஏதோ விளம்பர மாடலின் முகம். அந்தப் பிள்ளை எங்கே போனான்?

அப்புறம் படத்தின் பின்பக்கம். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிய படங்களில் பெயரும் தேதியும் "என்றும் நினைவில் வைத்திரு" என்ற மாதிரி ஒரு வரியும் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். பகிர்கிறவர்கள் அதைத் திருப்பிக் காட்டுவதே இல்லை. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2010 முதல் போர்க்கால விருது ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பின்பக்கத்தில் குடும்பப் பெயர் இருந்து, முன்பக்கத்தில் என்ன விருது என்று தெரிந்தால், அங்கே தேடலாம். கிடைக்கும் தாள் பலவற்றில், அந்தச் சிப்பாய் எந்த நாளில், எந்த ஊருக்குப் பக்கத்தில் என்ன செய்தார் என்று மேலதிகாரி எழுதிய சில வரிகள் இருக்கும். காயம்பட்ட எத்தனை பேரைத் தூக்கி வந்தார், எந்தத் துப்பாக்கி மேடையைத் தகர்த்தார் என்கிற அளவுக்கு.

இப்படிப் படங்கள் உங்களிடம் இருந்தால் இரண்டு பக்கத்தையும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து அப்படியே போடுங்கள். கீறல் இருந்தால் இருக்கட்டும். பதக்கங்கள் இருக்கும் பகுதியைத் தனியாகப் பெரிதாக்கி ஒரு படம் சேர்த்தால் இன்னும் நல்லது. நாடாவைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படட்டும்.