கதவு திறக்கும் நேரத்தைப் பாருங்கள்

மொரீஷியஸின் பிளைசான்ஸ் விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானங்களில், யாரும் அத்துமீறி நுழையாதபடி காக்பிட் (பைலட் அறை) கதவை இன்னும் கனமாக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. 60 பயணிகளுக்கு மேல் ஏற்றும் சர்வதேச விமானங்களில் 2003 நவம்பர் முதலே வலுவூட்டிய கதவு கட்டாயம். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பாரிசுக்கு 11 மணி நேரத்துக்கு மேல். சாப்பாடு, கழிப்பறை என்று கதவு பலமுறை திறந்தே ஆகவேண்டும். அப்போது உணவுத் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார்கள். பிரேக் மிதித்திருந்தாலும் அது தரையோடு பூட்டியதல்ல. ஓங்கித் தள்ளினால் நகரும், ஏறியும் தாண்டலாம். புதிதாகத் தயாராகும் விமானங்களுக்கு அமெரிக்கா 2023-இல் விதித்த, காக்பிட் கதவுக்கு முன்னால் விமானத்தோடு பொருத்திய இரண்டாம் தடுப்புதான் சரி. பாய்ந்து வருபவரை அது குறைந்தது 5 விநாடி நிறுத்தவேண்டும் என்பது விதி. கதவைச் சாத்த அந்த நேரம் போதும். அது வரும்வரை, முன்கழிப்பறை காலியா என்று பார்த்து, திரையை இழுத்து, ஓர் ஊழியர் பயணிகளைப் பார்த்தபடி நின்ற பிறகே கதவைத் திறக்கலாம் என்று பைலட்டிடம் இன்டர்காமில் சொல்லவேண்டும்.

கனமான கதவால் ஆபத்தும் உண்டு. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் காக்பிட் உள்ளிருப்பவர் கதவுச் சுவிட்சை ‘லாக்’ பக்கம் தள்ளினால், வெளியிலிருந்து கதவைத் திறக்கும் எண்பலகை 5 நிமிடம் வேலை செய்யாது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணைப் பைலட் உள்ளே பூட்டிக்கொண்டு விமானத்தை வேண்டுமென்றே மோதவிட்டார், கேப்டன் வெளியே மாட்டிக்கொண்டார்; 150 பேர் இறந்தார்கள். ஒரு பைலட் வெளியே வந்தால் ஊழியர் ஒருவர் உள்ளே போகட்டும். இதை எந்த நிறுவனமும் தளர்த்தக் கூடாது.