டெண்டர் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை பாலாடா பக்கம் வாங்க

போன வருடம் ஒரு வேலையாக எங்கள் நீலகிரியில் உள்ள அரசு விடுதி ஒன்றுக்குப் போயிருந்தேன். சமையல்கட்டு வாசலில் கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கின் மேல் மேட்டுப்பாளையம் மண்டிக்காரர் ஒருவரின் மார்க். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சரிவு முழுக்கக் கேரட் பாத்தி. இங்கே பிடுங்கி, கேத்தி பாலாடாவில் கழுவி, லாரியில் பர்லியார் வழியாக இறக்கி, மண்டியில் ஏலம் விட்டு, கமிஷன் கழித்து, அப்புறம் அதே மலைப்பாதையில் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். போக வர எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சமையல்கார அக்கா ஒன்றை எடுத்து ஒடிக்கப் பார்த்தார். ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது.

யாரையும் திருடன் என்று சொல்ல வரவில்லை. டெண்டர் முறைப்படிதான் நடந்தது. நாங்களும் அதில் கலந்துகொள்ளப் பார்த்தோம், அதனால் தெரியும்.

எங்கள் குழுவில் 22 விவசாயிகள். ஆளுக்கு ஓர் ஏக்கர், அரை ஏக்கர். கணக்கு எழுதுவது நான். டெண்டர் பட்டியலைத் திறந்தால் சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கை, வாழைக்காய், தேங்காய், அதற்கு நடுவே நம் மலையில் விளையும் ‘இங்கிலீஷ் காய்’களான கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ். எல்லாம் ஒரே தொகுப்பு. ஒரு காய்க்கு விலை போடாமல் விட்டாலும் செல்லாது. முருங்கைக்கு நாங்கள் எங்கே போவது? கூடவே மூன்று வருட டர்ன்ஓவர் சான்று கேட்டிருந்தார்கள். குழு தொடங்கியே அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வைப்புத்தொகை கட்டியிருப்போம், டிஜிட்டல் கையெழுத்துகூட வாங்கிவிட்டோம். பட்டியலும் அந்தச் சான்றும்தான் எங்களைத் தள்ளிவிட்டன.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இதைப் போன மாசமே சொல்லியிருந்தா இங்கிலீஷ் காயைத் தனியாப் பிரிச்சுப் போட்டிருக்கலாமே” என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன மாதம் அப்படி ஒரு டெண்டர் வரப்போகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இந்தப் பதிவே அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரைக்குமான டெண்டர் என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். சிமெண்ட் விற்பவருக்கு 15 நாள் போதும், கிடங்கில் சரக்கு இருக்கும். கேரட் விதை போட்டுப் பிடுங்க நூறு நாளுக்கு மேல் ஆகும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு விதை வாங்கப் போனால் என்ன நடக்கும்? கையில் எப்போதும் சரக்கு வைத்திருப்பவர் மண்டிக்காரர் ஒருவர்தான், டெண்டரும் அவருக்குத்தான். ‘ப்ரீ-பிட் கூட்டம், அதாவது விலை போடுவதற்கு முன் சந்தேகம் கேட்கும் கூட்டம், இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அது நடக்கும்போது பட்டியல் அச்சாகி, மேலிடத்தில் கையெழுத்தும் ஆகியிருக்கும். தோசையை ஊற்றிய பிறகு மாவில் உப்புப் போடச் சொல்கிற கதை.

ரேஷனிலும் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தோம். 2023 மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், என் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் தேயிலை வருவதற்கு முன் இந்த மலையே கேழ்வரகும் சாமையும் விளைந்த மலை. விதைப்புக்கு முன்னால் இங்கே உள்ள ஊர்களில், பழங்குடி கிராமங்களில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மூட்டை கொஞ்சமானாலும் நம் காட்டிலிருந்து போயிருக்கும். அரசு வாங்கினால் மலைக்கு என்ன கிடைக்கும் என்பது நமக்குப் புதிதும் இல்லை. ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீ, சிறு விவசாயிகள் இண்ட்கோ கூட்டுறவு ஆலைகளுக்குக் கொடுக்கும் இலைதானே.

சரி, இப்போது எல்லோரும் பேசுகிற ‘சமூகப் பயன்’ விஷயத்துக்கு வருகிறேன். அரசு ஒரு பொருளை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பணத்தால் ஊருக்கு என்ன நல்லது நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த நல்லது எது என்று யார் முடிவு செய்வது? அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் மரக்கன்று நடுவது, ஒரு முகாம் நடத்துவது என்றுதான் எழுதுவார்கள். காண்ட்ராக்டரும் பத்துக் கன்று நட்டு போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்துவிடுவார்.

கேரட் பிடுங்கும் பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். மண்டிக்குக் காலையில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதால் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் பிக்கப் வண்டி வந்து வீட்டு முனையில் ஹார்ன் அடிக்கும். தலையில் டார்ச், ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் தாள். ஜனவரியில் பாத்தியில் உறைபனி, கேரட் தழையைப் பிடித்தால் விரல் மரத்துவிடும். காட்டுமாடு நிற்கும், கரடி வரும். எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் ஒருநாள் சும்மா கேட்டேன், “உங்களுக்கு என்னக்கா வேணும்?” கூலியைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். “விடிஞ்ச பிறகு வேலைக்குப் போகணும் தம்பி, அது போதும்” என்றார்.

இங்குள்ள விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற காய்க்கு மண்டி நேரம் எதற்கு? காலை ஏழு மணிக்குப் பிடுங்கினால் மத்தியானத்துக்குள் கொடுத்துவிடலாம். மொத்த விளைச்சலில் இது சின்னப் பங்குதான், தெரியும். ஆனாலும் சில பெண்களுக்காவது வாரத்தில் இரண்டு நாள் ராத்திரித் தூக்கம் மிஞ்சும். இது எந்த டெண்டர் படிவத்திலும் வராது, அவர்களிடம் போய்க் கேட்டால்தான் வரும்.

இங்கிலாந்தில் இதற்கென்று 2012-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். சேவைகளை வாங்கும் பொது அமைப்புகள், வாங்கும் வேலையைத் தொடங்கும் முன்பே சமூகப் பயனை யோசிக்க வேண்டும், அதற்காக யாரிடமாவது கலந்து பேச வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். 2021 முதல் அங்கே மத்திய அரசின் பெரிய ஒப்பந்தங்களில் மதிப்பெண்ணில் குறைந்தது 10 சதவீதம் இதற்கு. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டத்தில், டெண்டருக்கு முன்னால் விற்பவர்களோடு பேசலாம் என்றே எழுதியிருக்கிறார்கள். பேசியதால் ஒருவருக்கு மட்டும் சாதகம் ஆகிவிடக் கூடாது, அதற்கான அறிவிப்பையும் வெளியிட வேண்டும். வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் துரை காலத்தில் அவர்கள் ஊர்க் காயைக் கொண்டுவந்து இங்கே நட்டோம். இந்த விதியையும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தால் என்ன?

‘முன்கூட்டியே பேசினால் செட்டிங் என்பார்கள், ஆடிட்டில் மாட்டுவோம்’ என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். ஆனால் பேச்சு இப்போதும் நடக்கத்தான் செய்கிறது, காண்ட்ராக்டரின் காரிலோ லாட்ஜ் வராந்தாவிலோ. அதைச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் கூப்பிட்டு, பேசியதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் ஆடிட்காரருக்கும் வேலை மிச்சம்.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் கேன்டீனுக்கு வாரம் 200 கிலோ தருவதாக ஒத்துக்கொண்டோம். மேட்டுப்பாளையத்தில் விலை ஏறிய வாரம் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சரக்கை மண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மேனேஜர் முகத்தில் நான்தான் போய் முழிக்க வேண்டியிருந்தது. கேரட் 10 ரூபாய்க்கும் போகும், 80 ரூபாய்க்கும் போகும். வருடம் முழுக்க ஒரே விலை என்று கட்டிப்போட்டால் எந்த விவசாயியும் ஓடத்தான் செய்வான். உழவர் சந்தைப் பலகையில் அன்றன்றைக்கு எழுதும் விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதுவும் முன்னாலேயே உட்கார்ந்து பேசினால்தான் தீரும்.

இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அதில் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லி அடுத்த மாதம் மனு கொடுக்கப்போகிறேன்: மாவட்டத்தில் உள்ள விடுதிகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிகளுக்கு வரும் வருடம் என்ன காய், எவ்வளவு, எந்த மாதம் வேண்டும் என்கிற பட்டியலை விதைப்புக்கு முன்னால் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, ‘இதில் உங்களால் எது முடியும், எது இடிக்கிறது’ என்று கேட்க வேண்டும்.

நஞ்சநாடு, கொலக்கொம்பை, கோத்தகிரி பக்கம் இருப்பவர்கள் உங்களிடம் எந்த மாதம் என்ன காய் வரும் என்று கீழே எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன். கூட்டத்துக்கு நேரில் வர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கேத்தியிலிருந்து சேர்ந்தே போய்விடலாம்.